டிக்கெட்டுக் காசும் மரபும்

மெட்ராசுலேருந்து போன் போட்டுப் பொலம்புனியாமே மருமவனே, உங்கத்தை சொன்னா. சின்னஞ்சிறுசுவ ஆளுக்கொரு புது ஆட்டம் அமைச்சுக் காட்டுன சாயங்காலமாம். சலங்கை இல்ல, சாமி இல்ல, ஒருத்தன் தரையில கெடந்து உருண்டான், காசும் போச்சு, நம்ம மரபும் போச்சுன்னியாம்.

காசு போனது வாஸ்தவந்தான். மரபு எப்பம்லே ஒங்கிட்ட இருந்துச்சு, போறதுக்கு? சிவபெருமான் ஆடுன அஞ்சு சபையில ரெண்டு நம்ம பக்கம். குத்தாலத்துல சித்திரசபை, நெல்லையப்பர் கோயில்ல தாமிரசபை. அது எங்கன இருக்குன்னு கேட்டா, அல்வாக்கடைக்கு எந்தப் பக்கம்னு திருப்பிக் கேக்குத பய நீ.

கல்லிடைக்குறிச்சியில 1897-ல பொறந்த வக்கீல் ஈ. கிருஷ்ணய்யரு பேராவது தெரியுமா? பரதத்துக்கு அப்பம் சதிருன்னு பேரு, அந்தப் பேரக் கேட்டாலே பெரிய மனுசனுவ மூஞ்சியச் சுளிச்ச காலம். இந்த வக்கீலு சேலையும் சலங்கையும் கட்டி மேடையேறி ஆடுனாரு. 1932-ல அந்த ஆட்டமே வேண்டாம்னு டாக்டரம்மா முத்துலட்சுமி ரெட்டி எழுத, இவரு பதிலெழுத, பத்திரிகையில ஒரே ரகளை. பரதநாட்டியங்கிற பேரு நெலைச்சதுலயும் அவரு கை உண்டு. ருக்மிணி தேவி மட்டும் என்ன? மொதல்ல படிச்சது பாலே. ரஷ்யக்காரி அன்னா பாவ்லோவா, ஒங்க ஊரு ஆட்டத்தப் போய்ப் பாருன்னு சொன்ன பொறவுதான் இந்தப் பக்கம் திரும்புனாவ. அவிய அடையாத்துல அரங்கேறுனது 1935-ல. நீ ஆதிகாலத்துச் சொத்துன்னு கும்பிடுத மேடைப் பரதத்துக்கு எங்கப்பனவிட வயசு கம்மிலே!

1985-ல சந்திரலேகா அம்மா 'அங்கிகா'ன்னு ஒரு புது ஆட்டம் போட்டாவ. களரியும் யோகமும் உண்டு, நாயகியோட விரகம் கெடையாது. அன்னைக்கும் ஒன்னமாரி எவனாவது டிக்கெட்டுக் காசுக்கு அழுதிருப்பான். அவிய குழுவுல ஆடுன பத்மினி செட்டூரு பொறவு தனக்குன்னு வேற பாதை போட்டுக்கிட்டாவ.

அடுத்த தடவை போனா, வாசல்ல குடுக்குத காயிதத்தப் படிக்காத. ஆட்டம் புரிஞ்சாலும் அது புரியாது. காலப் பாரு, முதுகப் பாரு, மூச்சு எங்கன நிக்கின்னு பாரு. சுடலைமாடன் கொடையில கணியான் கூத்து பாத்திருக்கேல்லா? மகுட மேளத்தத் தீயில காய்ச்சிக் காய்ச்சி அடிக்க, ஆம்பிளைய பொம்பளை வேசங்கட்டி ஆட, விடிய விடிய வாயப் பொளந்துட்டு இருந்தியே. அண்ணாவி பாடுனதுல எத்தனை வரி ஒனக்கு வெளங்குச்சு? அங்க மட்டும் மூச்சு விடல. மாடன் அடிச்சிருவான்னு பயம். மெட்ராசுல மாடன் இல்லன்னு தைரியம், என்ன?

எல்லாம் நல்லாருக்கும்னு நான் சொல்லல. ஆறு பேரு ஆடுனா நாலு சப்புனுதான் இருக்கும். அந்த நாலுக்கும் சேத்துக் கைய தட்டிட்டு வா. பின்னால அதுல ஒருத்தன் பெரியாளாயிட்டாம்னா, நான் அன்னைக்கே சொன்னேம்னு பீத்திக்கிடலாம்லா? டிக்கெட்டு வெலைய மட்டும் உங்கத்தகிட்டச் சொல்லிராத. பொறவு ஆடப்போறது அவதான்.