ஆடு மேயாத செடி

வா கண்ணு, வா. பெங்களூருல இருந்து வந்து எறங்கி பையைக்கூட கீழ வெக்கல, அதுக்குள்ள அப்புச்சிகிட்டக் கேள்வி. "நேஷனல் ஹைவே நடுவுல எதுக்கு அப்புச்சி வரிசையா அரளியை நட்டு வெச்சிருக்கான்? மாமரம் நட்டா நம்ம சேலத்து மாம்பழமாச்சும் கெடைக்குமே"ங்கிறே. நல்ல ரோசனைதான். லாரி பறக்கிற ரோட்டுல மாம்பழம் பொறுக்க மொதல் ஆளா உன்னையத்தான் அனுப்போணும்.

ஏண்டா, நீ எந்த ஊரான்? பனமரத்துப்பட்டியான். ஊரைச் சுத்தி அரளிக் காடு. வெள்ளை, செவப்பு, ரோசுன்னு மூட்டை மூட்டையா சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகுது. அந்தக் காசுலதான் நீ காலேஜு முடிச்சே. படிச்சு முடிச்சுட்டு அரளி என்னன்னு போன்கிட்ட கேக்கறே. போனு எந்தக் காட்டுல களை வெட்டுச்சாம்?

சரி, கோவிச்சுக்காதே. ஒரு எலையைப் பறிச்சுத் திருப்பிப் புடி, அந்தப் பூதக்கண்ணாடியில பாரு. அடிப்பக்கம் சின்னச் சின்னக் குழி தெரியுதா? எல்லாச் செடியும் எலையில இருக்கற துளை வழியாத்தான் மூச்சு விடுது. மூச்சு விட வாயைத் தொறந்தா உள்ள இருக்கற தண்ணியும் ஆவியாப் போயிரும். சித்திரை வெயில்ல ஊர்க்கதை பேசிட்டே நடந்து பாரு, நாக்கு காஞ்சிரும். அரளி வெவரமானது. வாயைக் குழிக்குள்ள வெச்சு, குழி வாசல்ல மசுருல திரையும் போட்டிருக்குது. வெளிய அடிக்கிற அனல் காத்து உள்ள நுழையறதில்ல. எலைக்கு மேல தடியா மெழுகுப் பூச்சு வேற. நம்ம ஏரி சேலத்துக்கே குடிதண்ணி குடுத்த ஏரி. அது வத்திக் கெடந்த காலத்துலயும் அரளி நின்னுச்சுன்னா சும்மாவா?

ரோட்டுக்காரனுக்கு வேறென்ன வேணும்? தண்ணி கொஞ்சம் போதும். ராத்திரி எதுக்க வர்ற வண்டி வெளிச்சம் கண்ணுல அடிக்காம புதராட்டம் மறைச்சுக்கும். எல்லாத்துக்கும் மேல, ஆடு மாடு வாய் வெக்காது. ஆட்டுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு.

ஏன் வெக்காதுன்னா, வேருல இருந்து பூ வரைக்கும் வெஷம். ஒலியாண்ட்ரின்னு பேரு. நம்ம கெணத்து மோட்டாரு மாதிரி, நெஞ்சுல இருக்கற ஒவ்வொரு செல்லுலயும் ஒரு பம்பு ஓடுது. உள்ள சேர்ற சோடியத்தை வெளிய எறைச்சு, பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். இந்த வெஷம் அந்த மோட்டாரை மடக்கிப் போடும். அப்புறம் நெஞ்சு துடிக்கிற தாளமே தப்பிப் போயிரும். சீமையில இருக்கற வேறொரு செடியில இருந்து எடுத்த டிஜாக்சினும் இதே பம்பைத்தான் புடிக்குது. அதை டாக்டரு அளந்து குடுத்தா மருந்து. அப்ப அரளியும் மருந்தான்னு கேட்டே, முதுகுல ஒண்ணு வெப்பேன்.

கேரளாவுல ஒரு பொண்ணு அரளியைக் கடிச்சதாலதான் செத்துப்போச்சுன்னு பேச்சு வரவும், 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேண்டாம்னு நிறுத்திருச்சு. மத்த பூசைக்குத் தடை இல்ல. சாமி கழுத்துல கெடந்தா அலங்காரம், உன் நாக்குல பட்டா வெஷம். நல்ல முடிவுதான், பூ விக்கறவன் நானே சொல்றேன்.

அடுத்த கேள்வி வெலையைப் பத்தியா? "அதே செடி, அதே தண்ணி, போன வாரம் ஒரு வெலை, இன்னிக்குப் பறிகூலிக்கே கட்டலீங்கறியே, எப்பிடி?" அதோ சொவத்துல தொங்குதே தினக் காலண்டரு, அதான் எனக்கு ஷேர் மார்க்கெட்டு. ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா அரளி ஏறும். ஆயுத பூசைக்கு ஊருல இருக்கற பஸ்ஸு, லாரி, டிராக்டரு எல்லாத்துக்கும் மாலை வேணும். அன்னிக்கு என்ன வெலை சொன்னாலும் வாங்குவான், நாளைக்கு வாங்கிக்கலாம்னு அவனால சொல்ல முடியாதே. மறுநாளு எவனுக்கு வேணும்? செடிக்குப் பஞ்சாங்கம் தெரியாதே, அது பாட்டுக்குப் பூத்துத் தள்ளும்.

நாமக்கல் முட்டைக்கு அந்தத் தொந்தரவு கொறைச்சல். 1982ல ஆரம்பிச்ச முட்டை ஒருங்கிணைப்புக் குழு வெலையைச் சொல்லுது. இன்னிக்கு விக்கலைன்னா முட்டை நாலு நாளு குந்தியிருக்கும். பூவு குந்தாது. இதுல இன்னொரு கூத்து. வெலை ஏறுனதைப் பாத்துப் பக்கத்துக் காட்டுக்காரன், அவன் மச்சான், மச்சானோட ஒரம்பரைன்னு அத்தனை பேரும் குச்சி நடுவாங்க. எல்லாம் ஒண்ணாப் பூக்கும்போது வெலை எங்க இருக்கும்? நட்டவங்களையே கேளு. "நேரா விக்கறதுக்கு ஒரு ஆப்பு பண்ணித் தாரேன் அப்புச்சி"ங்கிறே. பண்ணு சாமி. தரகு மிச்சமாகும், வேண்டாங்கல. ஆனா உன் ஆப்பு வந்தா ஐப்பசியில இன்னொரு ஆயுத பூசை வருமா?

பேசிட்டே மூட்டையை இறுக்கிக் கட்டாதேடா! பறிச்ச பொறவும் மொட்டு மூச்சு விட்டுட்டுத்தான் இருக்குது. மூச்சு விட்டா சூடு. அடைச்சு வெச்சா சூடு வெளிய போக வழியில்லாம வெந்து அழுகிரும். நீ போனைச் சார்ஜுல போட்டுத் தலகாணிக்கு அடியில வெக்கறயே, அதேதான். ஈரத்துணி போட்டுத் தளர்வா வெய்யி. தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். மண்பானையில தண்ணி ஏன் சில்லுன்னு இருக்குதுன்னு நாளைக்கு நீ கேக்க வேண்டியதில்ல.

வெயில் ஏறறதுக்குள்ள அந்த ரெண்டு வரிசையும் பறிச்சிரலாம், கூடையை எடு. அதுக்கு முன்னால அந்தக் காப்பி டம்ளரைக் கீழ வெய்யி. அரளி எலையைத் தொட்ட கையி, போயி சோப்புப் போட்டுக் கழுவீட்டு வந்து குடி.