கொண்டுகூட்டு உரையாசிரியர்

திரைப்படச் சங்கத்தில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கும். ஒருவர் கைப்பேசிக்கு உயிர் கொடுப்பார், ஒருவர் கொட்டாவியை விழுங்குவார், ஒருவர் கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படுவார். உரையாசிரியர் மட்டும் இருக்கையில் சாய்ந்தபடி, யாராவது "ஒண்ணுமே புரியலையே" என்று சொல்லக் காத்திருப்பார். வாய்தவறி நீங்கள் சொல்லிவிட்டால் போச்சு. "புரியலையா? ரொம்ப சிம்பிள் சார்!" என்று எழுந்துவிடுவார். அந்தச் சிம்பிள் முடிவதற்குள் வாசல் கேட்டைப் பூட்ட ஆள் வந்துவிடும்.

எல்லாப் படத்துக்கும் அவர் வாய் திறப்பதில்லை. கொலை நடந்தது, போலீஸ் வந்தது, மைத்துனன் மாட்டினான் என்று போகும் படங்களில் அவருக்குப் பிழைப்பு இல்லை. அவருக்குப் படியளப்பவர் இயக்குநர் டேவிட் லிஞ்ச். அதிலும் 2001இல் வந்த 'மல்ஹாலண்ட் டிரைவ்' அவருடைய நன்செய் நிலம்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லாஸ் ஏஞ்சலஸ் மலைச் சாலையில் ஒரு கார் விபத்து. அதில் தப்பிய பெண்ணுக்குத் தன் பெயரே மறந்துபோகிறது. சுவரில் ஒட்டியிருந்த பழைய பட விளம்பரத்தைப் பார்த்து 'ரீட்டா' என்று வைத்துக்கொள்கிறாள். நடிகையாகும் கனவோடு கனடாவிலிருந்து வந்த பெட்டி என்ற பெண் அவளுக்கு உதவுகிறாள். ஒரு நீலச் சாவி, ஒரு நீலப் பெட்டி. பெட்டி திறக்கிறது, அதோடு எல்லாம் கவிழ்கிறது. பெட்டியாக இருந்தவள் இப்போது டயான். ரீட்டாவாக இருந்தவள் கமீலா. கமீலா என்று முன்பே ஒருத்தி வந்தாளே, அவள் யார்? இந்தக் கேள்வியில்தான் அரங்கில் பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். (பெட்டி என்பது பெண்ணா, பெட்டியா என்று தமிழில் சொல்லும்போது கூடுதலாக ஒரு குழப்பம் வரும். அதற்கு லிஞ்ச் பொறுப்பல்ல.)

உரையாசிரியரின் தீர்ப்பு ஒரே வரிதான். ஏறக்குறைய முதல் இரண்டு மணி நேரம் டயான் காணும் கனவு, மிச்சம் அவளுடைய நிஜ வாழ்க்கை. வாய்ப்பு கிடைக்காத நடிகை, கைவிட்டுப் போன காதலி, கூலிக்குக் கொலை, குற்ற உணர்ச்சி. இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம்தான், தப்பே இல்லை. ஆனால் இது அவருக்குப் பாயிரம் மட்டுமே. நூல் இனிமேல்தான்.

"தொடக்கத்துல கேமரா ஒரு தலையணைக்குள்ள போகுதே, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை.

"சாம்பல் கிண்ணம்?"

எந்தச் சாம்பல் கிண்ணம்?

இந்த இடத்தில் அவர் முகத்தில் தோன்றும் கருணை இருக்கிறதே, அதைப் பார்க்கவாவது நாம் ஒருமுறை கேட்கவேண்டும். பியானோ வடிவத்தில் ஒரு சாம்பல் கிண்ணம் படத்தில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கிண்ணம் மேசைமேல் இருக்கிறது. அப்படியானால் பின்னால் வரும் காட்சி முன்னால் நடந்தது. "ஆகவே, நாலாவதா வர்றதை ரெண்டாவதுக்கு முன்னாடி போடணும். ஒன்பதாவதைப் பிரிச்சு, பாதியை மேலே ஏத்தணும்."

செய்யுளில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ இருக்கும் சொல்லோடு கூட்டிப் பொருள் எடுப்பதைக் கொண்டுகூட்டு என்கிறது நம் இலக்கணம். பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதில் பெரிய கை. பல அடிகள் தள்ளியிருப்பதை எல்லாம் இழுத்து வந்து மாட்டுவார். முல்லைப்பாட்டில் அவர் செய்ததை மறைமலையடிகள் கடிந்துகொண்டதும் உண்டு. அந்தப் பரம்பரை பட்டுப்போகவில்லை, சினிமாவுக்கு மாறிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நச்சினார்க்கினியருக்குச் சங்கப் புலவர் யாரும் வந்து துப்பு கொடுக்கவில்லை. நம்மவருக்கு அந்தக் குறையும் இல்லை. 2002இல் வந்த டிவிடியோடு லிஞ்ச் பத்துக் குறிப்புகளை அச்சிட்டுக் கொடுத்தார். சிவப்பு விளக்குக் கூண்டைக் கவனி, விபத்து நடந்த இடத்தைக் கவனி, சாவியை யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யோசி, அத்தை ரூத் எங்கே என்று பார். ஆசிரியரே போட்ட கோனார் நோட்ஸ்! ஒரே வித்தியாசம், கோனார் நோட்ஸில் விடை இருக்கும், இதில் கேள்விகள் மட்டும். பரீட்சை எழுதுபவனிடம் கேள்வித்தாளையே துணைநூலாகக் கொடுத்த குசும்பு அது. காட்சிக்குக் காட்சி தாவிப் பார்க்க வழியில்லாமல் அந்த டிவிடியில் அத்தியாயப் பிரிவுகளையும் எடுத்துவிட்டார். உரையாசிரியர் அசரவில்லை. ரிமோட்டைப் பிடித்து ஓட்டி ஓட்டிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவருக்கு ஒரு பரம எதிரி உண்டு. "இதெல்லாம் ஒரு படமா? கதையே இல்லையே!" என்று இடைவேளையில் எழுந்துபோனவர். இருவரும் ஒருவரையொருவர் அறவே வெறுப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒரே ஆள் என்றுதான் தோன்றுகிறது. இருவருக்கும் கதை வேண்டும், ஓட்டை இல்லாத கதை. ஒருவர் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார், மற்றவர் தானே ஒன்று செய்துகொண்டார். படத்தைப் படமாக விட்டுவைக்க இருவருக்கும் மனமில்லை.

இந்த உரைக்கோட்டையில் அவர் யாரையும் அழைத்துப்போகாத ஓர் அறை இருக்கிறது. படம் பிறந்த கதை. 'மல்ஹாலண்ட் டிரைவ்' படமாகவே தொடங்கவில்லை. ஏபிசி தொலைக்காட்சிக்காக 1999இல் எடுத்த தொடரின் முதல் பகுதி அது. தொடர் என்பதால் முடிச்சுகளைப் போட்டுவைத்தார்களே தவிர, அவிழ்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். நிர்வாகி ஒருவர் காலை ஆறு மணிக்குக் காபியும் கையுமாக, தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்த்துவிட்டு வேண்டாம் என்றாராம். லிஞ்சே சொன்னது இது. நடிகை ஆன் மில்லர் சிகரெட் பிடிப்பதும், தரையில் கிடக்கும் நாய்க் கழிவைக் கிட்டத்தில் காட்டுவதும்கூட அவர்களுக்கு ஆகவில்லை. பிறகு பிரான்ஸின் ஸ்டுடியோ கனால் பணம் போட, 2000இல் புதிதாகக் காட்சிகள் எடுத்து ஒட்டி முழுப் படமாக்கினார்கள். முடிவு எப்படி அமையவேண்டும் என்பது ஒரு நாள் தியானத்தில் வந்தது என்பார் லிஞ்ச்.

ஆக, உரையாசிரியர் காரணகாரியத்தோடு விளக்கும் சில முடிச்சுகள், தொடர் நின்றுபோனதால் தொங்கியவை. இதை மெல்ல எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "அதுதான் சார் விஷயமே! நின்னுபோன தொடர்தான் நிறைவேறாத கனவு!" என்று அதையும் உரைக்குள் சேர்த்துக்கொள்வார். தியானம் என்ற சொல் காதில் விழுந்தால் இன்னும் பத்து நிமிடம். லிஞ்ச் 1973 முதல் மகரிஷி மகேஷ் யோகி வழித் தியானம் செய்தவர் என்பது உண்மை. அதிலிருந்து மாண்டூக்ய உபநிடதத்துக்குப் போக உரையாசிரியருக்கு இரண்டே தாவல்.

அந்த நீலப் பெட்டியும் சாவியும் என்ன? 2006இல் வெளிவந்த தன் நூலில் லிஞ்ச் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். மிகச் சிறிய அத்தியாயம். அவை என்னவென்று தனக்குத் தெரியாது என்கிறார், அவ்வளவுதான். உரையாசிரியர் சிரிப்பார். "அவர் அப்படித்தான் சொல்வார்." மூல நூலாசிரியருக்கே தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு அவர்மேல் உண்மையான வருத்தம் ஒரே ஒரு காட்சியில்தான். சிலென்சியோ என்ற நள்ளிரவு அரங்கு. இங்கே வாத்தியக்காரர்கள் கிடையாது, எல்லாம் பதிவு செய்தது என்று மேடையில் ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பிறகு ரெபெகா டெல் ரியோ வந்து, ராய் ஆர்பிசனின் பழைய பாட்டை ஸ்பானிய மொழியில் வாத்தியமே இல்லாமல் பாடுகிறார். பெட்டியும் ரீட்டாவும் அழுகிறார்கள். பாடுபவர் மயங்கி விழுகிறார், பாட்டு நிற்கவில்லை. அமெரிக்க விமர்சகர்கள் இந்த இடத்தில் ஆடிப்போனார்கள். வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று தெரிந்தே தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்டவர்கள் நாம். நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் நாம் மூக்கை உறிஞ்சும் அந்த நேரம் பார்த்து, இருட்டில், காதருகே ஒரு குரல்: "இங்கேதான் சார் பெட்டி உடம்பு நடுங்குது, நோட் பண்ணுங்க."

படம் விமர்சகர்களையும் இரண்டாகப் பிளந்தது. 'ப்ளூ வெல்வெட்'டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்ட ராஜர் ஈபர்ட் இதற்கு நான்கையும் கொடுத்தார். ரெக்ஸ் ரீட் திட்டித் தீர்த்தார். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது லிஞ்சுக்கும் ஜோயல் கோயனுக்கும் பகிர்ந்து கிடைத்தது. 2016இல் பிபிசி நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டுப் படங்களில் முதலிடம். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் பட்டியலில், சினிமா தோன்றிய நாள் முதலான படங்களுக்கு நடுவே எட்டாம் இடம். உரையாசிரியருக்கு இவை எல்லாம் மனப்பாடம். தன் உரைக்குக் கிடைத்த விருதுகளைப் போலவே சொல்லுவார்.

2025 ஜனவரியில் லிஞ்ச் காலமானார். கடைசிவரை படத்தின் பொருளைச் சொல்லவில்லை. இனி மறுத்துப் பேசவும் ஆளில்லை என்பதால் உரையாசிரியரின் உற்சாகம் இரட்டிப்பாகியிருக்கிறது.

படம் 147 நிமிடம். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து தனியாகப் பாருங்கள், அழ வேண்டிய இடத்தில் அழுங்கள், தூக்கம் வந்தால் தூங்கவும் செய்யுங்கள். வெளியே வந்ததும் யார் கேட்டாலும், "நல்லாப் புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.