ஸ்வல்ப கம்மி மாடி

ஓசூரில் முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் கிடார் டோன்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். இவர் மட்டும் பக்கத்து சீட்காரரிடம், "ராத்திரி ஒரு டோன் கிடைச்சுது சார், காலைல போட்டுப் பார்த்தா காணோம்" என்பார். கட்டி வைத்த ஆடு காணாமல் போன குரலில்.

சிப்காட்டில் தரக் கட்டுப்பாட்டு வேலை. நாளெல்லாம் கையில் மைக்ரோமீட்டர். பத்து மைக்ரான் தப்பினாலும் பாகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர். அதே கையோடு வீட்டுக்கு வந்து கிடாரை எடுத்தால், சும்மா வாசிக்க மனம் வருமா? முதலில் ஆய்வு. வாசிப்பது ஆய்வு முடிந்த பிறகு. ஆய்வு நான்கு வருஷமாக நடக்கிறது.

வால்வு ஆம்ப் வாங்க இவருக்கும் ஆசைதான். ஆனால் அது உறுமத் தொடங்கும் சத்தத்துக்குத் திருகினால் மத்திகிரி வரைக்கும் கேட்கும். இவர் இருப்பதோ மாடி போர்ஷன். ஆகவே மாடலர். பழைய ஆம்புகள், அவற்றின் ஸ்பீக்கர் பெட்டிகள், எதிரே வைத்த மைக் எல்லாவற்றின் குணத்தையும் கணக்காக மாற்றி அடைத்துவைத்த பெட்டி. 1998-ல் லைன் 6 கம்பெனி சிறுநீரக வடிவத்தில் சிவப்பாக ஒன்று விட்டது, 'பாட்' என்று. 2011-ல் கெம்பர், 2015-ல் ஹீலிக்ஸ், 2021-ல் குவாட் கார்டெக்ஸ். செகண்ட்ஹேண்ட் பைக் புரோக்கர் மாடல் வருஷம் சொல்வது போல ஒப்பிப்பார்.

செய்துவைத்த டோன்களுக்குப் பெயரும் டிராயிங் ஆபீஸ் முறையில்தான்: 'மார்ஷல் ரெவ் 14', 'மார்ஷல் ரெவ் 14 ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்'. குறை சொல்வது மட்டும் சமையல்கட்டு பாஷையில். "கிரீமியா இல்ல", "சப்புனு இருக்கு", "நடுவுல சதையே இல்ல". மனைவிக்குக் கிருஷ்ணகிரி. பெங்களூரா மாம்பழத்தைத்தான் திட்டுகிறார் என்று முதல் வருஷம் முழுக்க நினைத்திருந்தாராம்.

கீழ்வீட்டு ஓனரம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ். கோபம் வந்தால் கன்னடம். இரவு 11 மணிக்கு மாடிப்படி அடியில் நின்று குரல் கொடுப்பார்: "ஸ்வல்ப கம்மி மாடி!" இவர் உடனே வால்யூமைக் குறைப்பார். உறுமலைக் கூட்டும் கெயின் ஒன்பதிலேயே இருக்கும். கொஞ்சம் குறைக்கச் சொன்னார்களே தவிர, எதை என்று சொல்லவில்லையே.

வினை அங்கேதான் ஆரம்பம். சத்தம் குறையக் குறைய, காது அடிச்சத்தத்தையும் உச்சத்தையும் சரியாக வாங்காது. 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து சொல்லிவிட்டார்கள். நம்மவர் படித்திருக்கிறார், கேட்டால் படம்கூட வரைந்து காட்டுவார். ஆனால் ராத்திரி ஆனதும் அடியிலே கொஞ்சம், உச்சியிலே கொஞ்சம் என்று ஏற்றி, நடுவைக் குடைந்துகொண்டே போவார். காலையில் பார்த்தால் தோலும் கொட்டையும்தான் மிச்சம்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனப் பொட்டு, லேத்துக்கு வாழைக்கன்று, எல்லார் கையிலும் பொரிப் பொட்டலம். மாலையில் ஊழியர் கலை நிகழ்ச்சி. மூன்று மாதம் மெருகேற்றிய டோனோடு மேடையேறி, முதல் கார்டை அடித்தார். தகரக் கொட்டகை மேல் டிப்பர் ஜல்லி கொட்டியது போல இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை பொரியைக் கீழே போட்டுவிட்டு அழுதது.

மைக் செட் அண்ணன் எழுந்து வந்தார். முப்பது வருஷமாகக் கோயில் திருவிழாவும் கல்யாணமும் பார்த்த காது. பெட்டியை ஒருமுறை பார்த்தார். "தம்பி, அந்த ரம்பத்தைக் கம்மி பண்ணுங்க." கெயின் ஒன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியது. பிறகு மிக்ஸருக்குப் போய், அடியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினார். கிடாரின் தடித்த தந்தியே 82-ல்தான் ஆரம்பிக்கிறது; அதற்குக் கீழே இவருக்கு என்ன வேலை? மேலே ஐயாயிரத்தைத் தாண்டியதையும் நறுக்கினார். பன்னிரண்டு அங்குல கிடார் ஸ்பீக்கர் அதற்கு மேலே அதிகம் பேசாது. இவரோ மாடலரில் அந்த ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையே அணைத்துவைத்திருந்தார், 'தெளிவுக்காக'. கடைசியாக நடுவை ஒரு விரல் உயர்த்தினார். எல்லாம் ஒரு பீடி நேரம்.

அடுத்த கார்டில் கிடார் கிடாராக ஒலித்தது. யாரும் கவனிக்கவில்லை. பாடினவருக்குத்தான் விசில்.

பெரிய மேனேஜர் எழுந்து, 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலாப் பாட்டைக் கேட்டார். அதில் வருவது அக்கூஸ்டிக் கிடார். பெட்டிக்குள் இருந்த அத்தனை ஆம்பும் வாயை மூடிக்கொண்டு நின்றன. கேன்டீன் பையன் ஒருவனின் இரவல் கிடாரில், எந்த ரெவிஷனும் இல்லாமல், நம்மவர் முழுப் பாட்டையும் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், நான் கேட்டேன். இறங்கி வந்ததும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மிக்ஸரைப் பல கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி பெட்டியில் புதிதாக ஒரு பெயர் ஏறியது: 'மைக் செட் அண்ணன்'. ஒரு மணி வரை அதைத் தொடவில்லை. ஒன்றரைக்கு, உச்சியில் கொஞ்சம் பளபளப்பு குறைவது போலப் பட்டது. இரண்டு மணிக்கு 'மைக் செட் அண்ணன் ரெவ் 6', கெயின் ஏழரை.

கீழே மாடிப்படி லைட் எரிந்தது.