சுருட்டும் சுத்தியலும் முதுகுத்தண்டும்

1898 ஆகஸ்டில், ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கு ஒரு சந்தேகம். முதுகுத்தண்டில் கொக்கெயின் ஏற்றினால் நோயாளிக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரிவதில்லை, சரி. பிறகு ஏன் தலைவலியும் வாந்தியும்? நம் முதுகிலேயே குத்திப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைக் கச்சிதமாக இறக்கினார். சிரிஞ்சுதான் ஊசியில் பொருந்தித் தொலையவில்லை. முதுகிலிருந்து தண்டுவட நீர் ஒழுக, மருந்தில் பெரும்பகுதி தரைக்குப் போனது. சரி, என் முதுகு இருக்கிறதே என்று ஹில்டெபிராண்ட் முன்வந்தார். விதி!

5 மில்லிகிராம் கொக்கெயின். கால் மரத்ததும் பியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொடை எலும்பு வரை ஊசியைச் செருகினார். எரியும் சுருட்டால் சுட்டார். 23ஆம் நிமிடம் கீழ்க்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. அதோடு விட்டாரா? விதைகளையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு எழுதி, மறு வருடம் மருத்துவ இதழில் அச்சேற்றினார். சோதனை நடந்த அன்றிரவே இருவரும் ஒயினோடு கொண்டாடினார்கள். சுருட்டு இம்முறை வாய்க்கு.

விடிந்ததும் வினை. எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. நீர் கசிந்த ஓட்டையின் உபயம். பியர் ஒன்பது நாள் படுக்கை. ஹில்டெபிராண்டுக்கு வாந்தி, போதாக்குறைக்குக் காலெல்லாம் கன்றிப்போன காயம். பிற்காலத்தில் அவர், இந்த முறைக்கு முன்னோடி பியர் அல்ல, 1885இலேயே முயன்ற அமெரிக்கர் கார்னிங்தான் என்று கட்சி மாறினார். சுத்தியலடி வாங்கியவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கலாமா?

1921இல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடல் பாகேஸ், தண்டுவட உறையைத் துளைக்காமல் அதற்கு வெளியே மருந்தைவிடும் எபிடியூரலை எழுதிவைத்தார். எழுதியது ஸ்பானிய மொழியில்; பேர் வாங்கியதோ பத்து வருடம் கழித்து இத்தாலியின் டொக்லியோட்டி.

வயிற்றை நீளமாகத் திறக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றும் எபிடியூரலுக்கு மவுசு உண்டு. மெல்லிய குழாய் வழியே நாள்கணக்கில் மருந்து விடலாம். தையல் வலியோடு உள்ளுறுப்பு வலியும் அடங்கும், இருமவும் முடியும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், கால் தளரலாம். 2001இல் வந்த ‘டேப் பிளாக்’ முதுகுப் பக்கமே போகாது. வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே மருந்து. லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் இது போதும். குடல் வலிக்கு இது கைகொடுக்காது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா? முதுகில் ஊசி என்றால் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. மயக்க டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.