அப்பவே சார்

சென்னையில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் சௌக்கியம். ஆனாலும் முகத்தில் துக்கம் விசாரித்துவிட்டு வந்த களை. செத்தது யாரும் இல்லை. 1984-ல் வேளச்சேரியில் வாங்காமல் விட்ட ஒரு கிரவுண்டுதான்.

நங்கநல்லூரில் எங்கள் தெருக்காரருக்கு 'அப்பவே சார்' என்று பெயர். இயற்பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தக்காளி விலை, பேத்தியின் பரதநாட்டியம், அமெரிக்கத் தேர்தல் என்று எதை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் "அப்பவே வாங்கிப் போட்டிருந்தா..." என்று வந்து நிற்பார். பறக்கும் ரயில் வேளச்சேரியை எட்ட 2007 ஆயிற்று. இவர் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே தினசரி சர்வீஸ் விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனையின் விலை ஒரு விசித்திரம். நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது அது 30,000 ரூபாய். ஒரு தீபாவளிக்கு 20,000 ஆனது. போன பொங்கலன்று வாசலில் கோலத்தைத் தாண்டி நின்றுகொண்டு 12,000 என்றார். பரப்பும் சும்மா இருக்கவில்லை. 2,400 சதுர அடியாக இருந்தது இரண்டு கிரவுண்டாகி, கார்னர் மனையாகி, இப்போது ஒரு கிணறும் நாலு தென்னையும் சேர்ந்திருக்கின்றன. அவர் ஆயுசு கெட்டி. இன்னும் பத்து வருடம் போனால் நிலக்காரர் பத்திரச் செலவையும் தானே ஏற்று, இவர் வீடு திரும்ப பஸ் சார்ஜும் கொடுத்திருப்பார்.

சரி, ஏன் வாங்கவில்லை? புரோக்கர் கூட்டிப்போய்க் காட்டியபோது இடுப்பளவு கோரை. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பில் நின்று அவர் உதிர்த்த வாசகம்: "இங்கே யாருய்யா வருவா? ஆறு மணிக்கு மேலே நரி ஊளையிடும்!" மறு வருடம் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு மனை வந்தது. "மிருகமே இப்பத்தான் குடியேறுது, மனுஷனுக்கு என்ன அவசரம்?" என்று திருப்பி அனுப்பினார். 2023 கடைசியில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை என்று கேள்வி.

அட்வான்ஸுக்கென்று எடுத்து வைத்த பணம் என்ன ஆயிற்று என்பதை அவர் சொல்ல மாட்டார். அவர் வீட்டம்மாதான் சொன்னார். "பாதி இவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போச்சு தம்பி. மீதியிலே கலர் டிவி வாங்கினார். தெருவிலேயே முதல் கலர் டிவி. ஞாயித்துக்கிழமை படம் பார்க்க நாப்பது பேர் வருவாங்க. நான்தான் காபி போட்டுச் செத்தேன். அந்தக் காபித் தூள் செலவிலேயே இன்னொரு கிரவுண்டு வாங்கியிருக்கலாம்."

மரக்கதவு போட்ட அந்த டயனோரா இன்னும் பரண் மேல் இருக்கிறது. படம் வந்து முப்பது வருடமாவது இருக்கும். பழைய சாமான்காரர் 150 ரூபாய் தருகிறேன் என்றபோது அப்பவே சார் கொதித்துப் போனார். "யோவ், அது டிவி இல்லைய்யா. அரை கிரவுண்டு!" மற்ற அரை கிரவுண்டு, அதாவது தங்கை, வருடத்துக்கு ஒருமுறை பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வருகிறார். அண்ணன் ஏன் தன்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார் என்று பாவம், அவருக்கு இன்றுவரை தெரியாது. பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போய் மனையைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது அங்கே நாலு மாடிக் குடியிருப்பு, கீழே ஒரு பேக்கரி. எதிர்ப் பக்கம் டீக்கடையில் நின்று, சொந்தக்காரர் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிற தோரணையில் அரை மணி நேரம் பார்ப்பார். ஒரு தடவை வாட்ச்மேன் வந்து "யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்க, இவர் "இந்த இடம் எனக்கு வரவேண்டியதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். வாட்ச்மேன் செயலாளரிடம் சொல்ல, செயலாளர் அவசரக் கூட்டம் போட, பதினாறு வீட்டுக்காரர்களும் காசு போட்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார்கள். 1975-லிருந்து ஒரு கீறல் இல்லை. வில்லங்கம் எதிர்ப் பக்கம் சர்க்கரை இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தது.

2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டார்களே, அப்போது தெருவே இவர் முகத்தைப் பார்த்தது. "நல்லவேளை, வாங்கலை" என்றார் வீட்டம்மா. எங்களுக்கும் அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. குணமாகிவிட்டார் என்றே நினைத்தோம். தண்ணீர் வடிந்த சில வாரத்தில் பேப்பரும் கையுமாக என் வீட்டு கேட்டைத் தட்டினார். "பாத்தீங்களா சார், இவ்வளவு வெள்ளம் வந்தும் சதுர அடிக்கு நூறு ரூபா இறங்கலை. அப்பவே வாங்கிப் போட்டிருந்தா..."

இதில் வேடிக்கை, அவர் குடியிருப்பது சொந்த வீட்டில். பி.எஃப். லோன் போட்டு 1991-ல் வாங்கிய முக்கால் கிரவுண்டு. நடக்கிற தூரத்தில் மெட்ரோ வந்துவிட்டது. "உங்க வீடே இன்னிக்குக் கோடிக்கணக்கில் போகுமே சார்" என்றேன் ஒரு நாள். என்னை விநோதமாகப் பார்த்தார். "அது நாம இருக்கிற வீடு சார். அதை எப்படிக் கணக்கிலே சேர்க்கிறது?" அவர் கணக்கில் வரவு என்றால் கைக்கு வராதது மட்டும்தான். கொடுத்து வைத்தவர் என்று ஊர் சொல்கிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கொடுக்காமல் வைத்த அட்வான்ஸ்.

ஒருவேளை வாங்கியிருந்தால்? எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவனைத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்க்க நல்ல விலை வந்தது என்று விற்றிருப்பார். அதற்கப்புறம் "அப்பவே விக்காம வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்திருப்பார். கற்பனை இல்லை. அடுத்த தெருவில் அப்படியே ஒருவர் இருக்கிறார், பெருங்குடியில் வாங்கி விற்றவர். இருவரும் காலையில் சேர்ந்துதான் நடக்கப் போகிறார்கள். ஒருவர் வாங்காததைச் சொல்ல, மற்றவர் விற்றதைச் சொல்ல, ஐந்து கிலோமீட்டர் போவதே தெரிவதில்லையாம். இருவருக்கும் இரத்த அழுத்தம் கிடையாது. சென்னைக்கு மட்டும் சொந்தமான நோயும் இல்லை இது. கோயம்புத்தூரில் இதற்குச் சரவணம்பட்டி என்று பெயர். பங்குச் சந்தைக்காரர்களிடம் கேட்டால், 1993-ல் 95 ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்த இன்ஃபோசிஸ் பங்கைப் பற்றிக் கண் கலங்கச் சொல்வார்கள்.

போன மாதம் சின்னப் பிள்ளை பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு மனை, அப்ரூவ்டு, பட்டா சுத்தம், விலையும் கைக்குள்தான். அப்பா பேரிலேயே பதிவு பண்ணி, அவர் நாற்பது வருடக் குறையைத் தீர்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. காரில் கூட்டிப்போனான், மரியாதைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு. கல் நட்டிருந்தார்கள், தார் ரோடு போட்டிருந்தார்கள், புரோக்கர் மோர் கொடுத்தார். அப்பவே சார் இறங்கினார். இடுப்பில் கை வைத்தார். நாலு திசையும் பார்த்தார். "இங்கே யாருடா வருவா? ஆறு மணிக்கு மேலே..."

நரி என்று அவர் முடிப்பதற்குள் நான் புரோக்கரின் போன் நம்பரை வாங்கிவிட்டேன். உங்கள் தெருவிலும் ஓர் அப்பவே சார் இருப்பார். அவரிடம் பழைய கதை கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இப்போது எந்த ஊரை வேண்டாம் என்கிறார் என்று மட்டும் விசாரித்து எனக்கு எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் நான் எங்காவது அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.