இலவச எண் வாங்கப் போகும் முதலாளிக்கு

பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களே,

தங்கள் நிறுவனத்துக்கு டோல் ஃப்ரீ எண் ஒன்று வாங்கத் தீர்மானித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அருமையான முடிவு. குறை சொல்ல வரும் வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து கத்தினால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். புதிதாக வாங்க வந்தவரும் திரும்பிப் போய்விடுவார். அதே ஆளைத் தொலைபேசியில் நிறுத்திவைத்தால் யார் கண்ணிலும் படமாட்டார். நிற்கும் இடம் அவர் வீடு, வலிக்கும் காது அவருடையது, தீரும் சார்ஜும் அவருடையது. நமக்கு வேண்டியது ஓர் எண்ணும் ஒரு பாட்டும் மட்டுமே. இந்தச் சூட்சுமம் புரியாத புது முதலாளிகள் சிலர், அழைப்பு வந்ததும் பதறிப்போய் எடுத்துப் பேசிவிடுகிறார்கள். அந்தத் தவறு தங்களிடம் நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணைத் தேர்ந்தெடுப்போம். நம் நாட்டில் இரண்டு வகை உண்டு. 1800 என்று தொடங்கினால் அழைப்பவருக்குச் செலவில்லை. நிமிடக் கணக்கில் நீங்கள் கட்ட வேண்டும். 1860 என்று தொடங்கினால் உள்ளூர் அழைப்புக்கான கட்டணம் அழைப்பவர் தலையில் விழும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும் என்பதுதான் இதிலுள்ள வசதி. 1860 எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி சிரிப்பதுபோல் ஒரு படம் போட்டுவிடுங்கள். இலவசம் என்று பார்ப்பவரே நினைத்துக்கொள்வார். நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவராக நினைத்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

மனம் இளகியவராக இருந்தால் 1800 வாங்குங்கள். அதுவும் இளகிய மனத்தில் பிறந்ததல்ல என்பது தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 800 எண்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, அழைக்கப்படுகிறவர் காசு கொடுக்கும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்து, “இந்தச் செலவை ஏற்கிறீர்களா?” என்று கேட்டு இணைக்க வேண்டியிருந்தது. அந்த ஆபரேட்டரின் வேலையை மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு இது. ஆக, நடுவிலிருக்கும் மனிதரை விலக்குவதற்காகவே பிறந்த எண் இது. கம்பியின் நடுவில் மனிதரை விலக்கினார்கள் அவர்கள். பதில் சொல்லும் முனையிலும் விலக்கி முடிப்பது நம் தலைமுறையின் சாதனை.

காசை நாம் கட்டினால் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். 2016இல் ஜியோ வந்து, மாதக் கட்டணத்திலேயே பேச்சை இலவசமாக்கிய பிறகு, ஓர் அழைப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்? ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொரு நிறுவனம் வாங்கி முடித்துக்கொடுக்க நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று வாங்கிவந்த இணைப்புக் கட்டணமும் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் விடுவது இன்று பெரிய தர்மமே இல்லை. அவரிடம் மிச்சமிருப்பது நேரம். அதை எடுத்துக்கொள்ள வழி தெரிந்தவனே நிர்வாகி.

எப்படி எடுப்பது? ஐ.வி.ஆர். எனப்படும் குரல் மெனுவைப் பொறுமையாகக் கட்ட வேண்டும். முதலில் ஒரு வரவேற்பு. பிறகு உங்கள் புதிய திட்டத்துக்கு ஒரு விளம்பரம். ஏமாந்துபோய் அழைப்பவனிடம் அடுத்த பொருளை விற்கப் பார்ப்பதில் ஒரு தனிச்சுவை இருக்கிறது. பிறகு இந்திக்கு 1, ஆங்கிலத்துக்கு 2 என்று வரிசை தொடங்கட்டும். தமிழை எங்காவது பின்னால் வைத்தால் போதும். தமிழைத் தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் காத்திருப்பவருக்குக் கடைசியில் “ஜி, போலியே” என்ற இந்திக் குரல் கேட்க வேண்டும். அவர் தடுமாறி ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லத் தொடங்குவார். தன் பிரிட்ஜைப் பற்றிக் கோபமாகப் பேச வந்தவர், தன் இலக்கணத்தைப் பற்றிக் கூச்சப்படத் தொடங்கிவிடுவார். பாதிப் புகார் அங்கேயே செத்துப்போகும்.

வாசல்கள் இரண்டு இருக்கட்டும். “புதிய கடன் பெற, 1ஐ அழுத்தவும்” என்ற வாசலில் இரண்டாம் ரிங்கில் தேனாகப் பேசும் ஆள் வேண்டும். “எடுத்த கடனைப் பற்றிப் புகார் செய்ய” என்ற வாசலில் புல்லாங்குழல் வேண்டும். லாபம் தர வருபவருக்கு மனிதர், நியாயம் கேட்டு வருபவருக்கு இசை. அரசியல் கட்சிகள் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டன. உறுப்பினராக ஒரு மிஸ்டு கால் போதும், முழு ரிங் கூட வேண்டாம். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல எத்தனை ரிங் என்று வாக்காளரைக் கேட்டுப் பாருங்கள்.

1800 எண்ணில் காத்திருக்கவைத்தால் அந்த நிமிடங்களுக்கும் நாம்தானே கட்ட வேண்டும் என்று உங்கள் கணக்காளர் முணுமுணுப்பார். அவரைச் சமாதானப்படுத்துங்கள். எடுத்துப் பேச ஆள் வைத்தால் சம்பளம், பி.எஃப்., போனஸ், தீபாவளி விடுமுறை. பாட்டுக்கு இவை எதுவும் வேண்டாம். அதைவிட முக்கியம், காத்திருக்கவைத்தால் கூட்டம் தானாகக் கரையும். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அழைத்தவர் முதலில் வைத்துவிடுவார். பிறகு, மதிய இடைவேளையில் அழைத்த தொழிலாளி. பிறகு, கைபேசியில் சார்ஜ் தீர்ந்த கிழவர். வைத்துவிட்டவரின் புகார் பதிவாகாது. பதிவாகாத புகார், இல்லாத புகார். ஆண்டறிக்கையில் “புகார்கள் கணிசமாகக் குறைந்துள்ளன” என்று நெஞ்சறிய உண்மையை எழுதலாம்.

சட்டம் குறுக்கே வருமா என்று பயமா? தொலைபேசி நிறுவனங்களுக்குத்தான் கொஞ்சம் தொல்லை. மூன்றாம் அடுக்கிலாவது ஆளோடு பேசும் வழி இருக்க வேண்டும், நூற்றில் 95 அழைப்புகளை 90 விநாடிக்குள் ஆள் எடுக்க வேண்டும் என்றெல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எழுதிவைத்திருக்கிறது. புகாருக்கான 198 என்ற எண் இலவசம். ஆனால் பொதுத் தகவலுக்கு ஆளோடு பேசினால் மூன்று நிமிடத்துக்கு 50 பைசா என்று வசூலித்தவர்களும் உண்டு. தாம் விற்ற பொருளை விளக்கிச் சொல்வதற்கும் விலை வைத்த அந்த மூளைக்கு ஒரு சிலை வைக்கலாம். நீங்கள் விற்பது வாஷிங் மெஷின் என்றால் இந்த 90 விநாடித் தொல்லையும் கிடையாது. பொட்டலப் பொருள்களின் மேல் குறைதீர்க்கும் தொலைபேசி எண்ணை அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அச்சிடுங்கள். அது எடுக்கப்பட வேண்டும் என்று அந்த வரியில் இல்லை.

இனி, வங்கி நடத்துபவராக நீங்கள் இருந்தால், உங்களுக்கென்று தனியாக ஒரு பாடம் உண்டு. இதைக் கேலியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முயல்கிறேன்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கணக்கிலிருந்து பணம் திருடுபோனால் யார் தலையில் நட்டம் என்று அது சொல்கிறது. வங்கியிடமும் தவறில்லை, வாடிக்கையாளரிடமும் தவறில்லை, நடுவில் எவனோ புகுந்துவிட்டான் என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்த வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. வாடிக்கையாளர் ஏமாந்து ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டார் என்றால், அவர் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது அவருடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. இரவும் பகலும் தெரிவிக்க வழி வேண்டும், அதற்கென்று தனி இலவச எண் வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏமாந்து ரகசிய எண்ணைச் சொல்லிவிட்ட ஒரு கிழவரின் பென்ஷன் பணம் ஐயாயிரம், ஐயாயிரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எஸ்.எம்.எஸ். வந்து விழ விழக் கிழவர் உங்கள் எண்ணை அழைக்கிறார். அவர் சொல்லி முடிக்கும் வரை நட்டம் அவருடையது. நீங்கள் எடுக்கும் வரை அவரால் சொல்ல முடியாது. அப்படியானால், அந்தப் புல்லாங்குழல் வாசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் யார் பணத்தில் வாசிக்கப்படுகிறது? “உங்கள் பதினாறு இலக்கக் கார்டு எண்ணை உள்ளிடவும்” என்று கை நடுங்குகிற மனிதரிடம் கேட்கும் அந்த இனிய குரலுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? தாமதித்தால் லாபம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தின் கையிலேயே தொலைபேசியை எடுக்கும் உரிமையையும் கொடுத்துவைத்திருக்கிறோம். இதற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவை.

எடுக்காத எண்ணில் சலித்தவர் என்ன செய்வார்? கூகுளில் தேடுவார். அங்கே ஒருவன் அவருக்காகவே காத்திருக்கிறான். உங்கள் வங்கியின் பெயரில், உங்கள் சின்னத்தோடு, ஒரு போலி எண். முதல் ரிங்கிலேயே எடுக்கிறான். நல்ல தமிழில் “சொல்லுங்க ஐயா” என்கிறான். நடுவில் வைப்பதில்லை, வேறு துறைக்கு மாற்றுவதில்லை, விளம்பரம் போடுவதில்லை. “பயப்படாதீங்கய்யா, நான் லைன்லயே இருக்கேன்” என்று தைரியம் சொல்கிறான். திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் படித்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறான். பிறகு கணக்கைத் துடைத்துவிடுகிறான். இந்த நாட்டின் ஆகச் சிறந்த கஸ்டமர் கேரை இன்று நடத்துபவர்கள் திருடர்கள். இதைவிடக் கேவலமான சான்றிதழ் ஒரு தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

இப்படிப்பட்ட செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. 2022இல் மோசடிகளைப் பற்றிப் புத்தகமே போட்டது. கூகுளில் தேடாதீர்கள், வங்கியின் சொந்த இணையதளத்தில் பாருங்கள் என்பது அறிவுரை. நல்ல அறிவுரை. அந்த இணையதளத்தில் தனிக்கடனும் தங்கக்கடனும் முகப்பில் குதித்துக்கொண்டிருக்க, புகார் எண் அடிவாரத்தில், சாம்பல் நிற எழுத்தில், மூன்று கிளிக்குக்கு அப்பால் ஒளிந்திருக்கும். பாமரன் கவனமாக இருக்க வேண்டும் என்று புத்தகம் போட்டுச் சொல்வது சுலபம். பணக்காரன் போனை எடுக்க வேண்டும் என்று புத்தகம் போட்டால் யார் வெளியீட்டு விழா நடத்துவார்கள்?

கடைசியாகச் சில ஆபத்துகள். கீழ்க்கண்டவற்றை உங்கள் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் திருடுபோனதும் உங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐயும் உடனே அழைக்கலாம். போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அங்கே முயற்சி நடக்கும். நிறுவனம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேசலாம். இணையத்தில் விற்பவர் எவரும் குறைதீர் அதிகாரியின் தொடர்பு விவரத்தைக் காட்டியாக வேண்டும். புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. தொலைபேசி நிறுவனம் தீர்த்த விதம் பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வங்கி முப்பது நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாடிக்கையாளர் கார்டின் பின்பக்கமுள்ள வங்கியின் தொலைபேசி எண்ணைக் கைபேசியில் முன்கூட்டியே சேமித்து, அழைத்த நேரத்தைக் குறித்து, புகார் எண்ணை எழுதி, கையோடு ஒரு மின்னஞ்சலும் தட்டிவிடுகிறவராக இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். எழுத்தில் பதிவான புகாரைப் புல்லாங்குழலால் கரைக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். அந்தக் குறைதீர்ப்பாளர் திட்டம் 2021இல் எழுதப்பட்டபோது, வாடிக்கையாளர் இழந்த நேரம், பட்ட அலைச்சல், மன உளைச்சல் இவற்றுக்காக ஒரு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தரலாம் என்று யாரோ ஓர் அதிகாரி அதில் சேர்த்துவிட்டார். நேரத்துக்கு விலை உண்டு என்று ஏட்டில் ஏறிவிட்டது. அழைப்பவர் ஒவ்வொருவரும் தாம் காத்திருந்த நிமிடங்களை எழுதிக்கொண்டு இழப்பீடு கேட்டு வரத் தொடங்கினால், பாட்டைவிட ஆள் மலிவாகிவிடும். அன்றைக்கே உங்கள் ஐ.வி.ஆர். ஊமையாகும், இரண்டாம் ரிங்கில் ஒரு மனிதர் எடுப்பார், தமிழும் பேசுவார். தொழில்நுட்பம், ஆள் பற்றாக்குறை, வழக்கத்தைவிட அதிகமான அழைப்புகள் என்று இத்தனை காலம் சொன்ன காரணங்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் காணாமல் போகும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த எண்ணை அச்சடிக்கும்போது பக்கத்தில் ‘இலவசம்’ என்று மட்டும் போடாதீர்கள். விலை உண்டு என்று தெரிந்துகொண்டவர்கள் பில்லோடு வருவார்கள்.