டர்ட்டி கவ் புராணம்

லினக்ஸ் தலத்தில் டர்ட்டி கவ் என்று பின்னாளில் பெயர் பெற்ற விரிசலை 2005இலேயே கண்டவர் சாட்சாத் மூலவர் லினஸ் டார்வால்ட்ஸ். கண்டார், ஒரு பூச்சு பூசினார். ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வங்கிக் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய வீட்டுப் பிள்ளை. அதன் முகம் கோணலாமா? பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்த விரிசலில் நுழைய, ஒரே ப்ரோக்ராமில் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்கள் இம்மி பிசகாமல் முட்டிக்கொள்ள வேண்டும், அதெல்லாம் ஏட்டில்தான் நடக்கும் என்று ஊரே தூங்கப் போனது.

விஷயம் இதுதான். படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எவனாவது எழுத வந்தால், லினக்ஸின் மையமான கர்னல், தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி, "மூலத்தைத் தொடாதே, நகல் தருகிறேன், அதில் கிறுக்கிக்கொள்" என்னும். காப்பி ஆன் ரைட், சுருக்கமாக கவ். நகல் எடுத்த கையோடு, 'வந்தவன் எழுத வந்தவன்' என்ற சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். அந்த இடைவெளியில், யார் முறை என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் இன்னொரு த்ரெட்டை உள்ளே விட்டால், அது "இந்த நகல் வேண்டாம்" என்று மெமரியிலிருந்து தள்ளிவிடும். கிளார்க் திரும்பிப் பார்த்தால் நகலும் இல்லை, சீட்டும் இல்லை. சரி, படிக்கத்தானே கேட்கிறான் என்று மூலத்தையே எடுத்து நீட்டுவார். முதல் த்ரெட் அதில் எழுதித் தொலைக்கும். ஒருமுறை தவறினால் என்ன, லூப்பில் போட்டுச் சுற்றவிட்டால் ஏதோ ஒரு சுற்றில் வாய்க்கும். கோப்பு சர்வ அதிகாரமுள்ள ரூட்டுக்குச் சொந்தம் என்றால், சாதாரணப் பயனர் மகாராஜா!

2007இல் வந்த கர்னலின் 2.6.22 பதிப்பு தொட்டு இப்படியே ஓடியது. கர்னலின் மெமரிப் பகுதி பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்கப் பழகப் பழக, ஏட்டு விபத்து நிஜத்திலும் சுலபமாயிற்று. 2016இல் ஃபில் ஓஸ்டர் என்பவர், சர்வருக்கு வருகிற போக்குவரத்தையெல்லாம் சேமித்து வைக்கும் புண்ணியத்தால், திருடனின் ப்ரோக்ராமையே கையும் களவுமாகப் பிடித்தார்.

அக்டோபரில் மூலவர் மறுபடி எழுந்தருளினார். பதினோரு ஆண்டு முன் தாம் செய்தது மோசமான திருத்தம் என்று குறிப்பெழுதிவிட்டு, சீட்டுக் கிழிப்பதை நிறுத்தினார். 'நகல் எடுத்தாயிற்று' என்று புதிதாய் ஒரு கொடி, கையில் இருப்பது நகல்தானா என்று ஒரு சோதனை, சில வரிகள்தான். எஸ்390உம் அதற்குள் எப்போதோ திருந்தியிருந்தது! ஓட்டைக்கு லோகோ, கேலிக்கு ஒரு கடை என்று திருவிழா வேறு.

2017இல் பார்த்தால், பெரிய மெமரிப் பக்கங்களைக் கவனிக்கிற கிளையில் அதே சோதனையை ஏமாற்ற வழி இருந்தது. மறுபடி சிமெண்ட், மறுபடி கரண்டி. பெயர் வைக்க மட்டும் யாரும் மெனக்கெடவில்லை: ஹியூஜ் டர்ட்டி கவ்.